பேர் வெட்டின வண்டி

ஏனுங்க, அந்தப் பையைக் கொஞ்சம் அக்கட்ட நகத்தறீங்களா? உங்க பையும் மஞ்சப் பை, என்ற பையும் மஞ்சப் பை. இறங்கற அவசரத்துல மாறிப் போச்சுன்னா என்ன பண்றது? நீங்க எடுப்பீங்கன்னு சொல்லலைங்க. பார்த்தா நல்ல மனுஷனாத்தான் தெரியறீங்க. ஆனா நல்ல மனுஷங்கதான் பையை மாத்தி எடுத்துட்டுப் போறாங்க. கெட்டவனைக் கண்டா நாமளே பையை மடியில வெச்சுக்கறோமே.

கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். ஆர்டிஓ ஆபீஸுக்கு. நாலு மணிக்குள்ள ஒரு காயிதம் போய்ச் சேரணும். சேரலைன்னா என்ற காரு இன்னியோட முடிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க. வண்டி கோயமுத்தூர்லதான் பதிஞ்சது, இந்த மாசத்தோட அந்தப் பதிவு முடியுது. அதுக்குள்ள வரி விலக்கு ஆகலைன்னா வண்டியை உடைக்கக் குடுத்துடறேன்னு என்ற ஊட்டுக்காரிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். பழைய இரும்புக்கு எடுக்கற ஒரு ஆளை அவ வரச் சொல்லி வெச்சிருக்கா. திங்கக்கிழமை வருவானாம். எனக்குத் தெரியாம எப்ப அவ அவனுக்குப் போன் பண்ணுனான்னு இன்னும் பிடிபடலைங்க.

எந்த ஊருன்னு கேக்கறீங்களா? எதுக்குக் கேக்கறீங்க? செரி, சும்மாதான் கேப்பீங்க. உடுமலைப்பேட்டைங்க. தெய்வசிகாமணி. எவர்சில்வர் பாத்திரக்கடை. நாப்பது வருஷமா அதே கடை, அதே பூட்டு. சாவி என்ற அரைஞாண் கயித்துலதான் இருக்கும்.

கார் ஸ்டேண்டர்டு ஹெரால்டுங்க. அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. பானெட்டைத் தூக்குனா மட்கார்டு, லைட்டு எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்பக்கமா எந்திரிக்கும். எண்பத்தெட்டுல ஒரு டாக்டர்கிட்ட வாங்குனேன். கடைக்குன்னு எத்தனையோ வாங்கியிருக்கறேன். கல்லாப்பொட்டி, தராசு, டெம்போ. எனக்குன்னு ஆசைப்பட்டு வாங்குனது அது ஒண்ணுதாங்க. அதுல ஏறி உக்காந்தா மட்டும்தான் கடை நெனப்பு வராது. இதை நான் வசந்தாமணிகிட்டக்கூடச் சொன்னதில்லை. வசந்தாமணிங்கறது என்ற ஊட்டுக்காரி.

இந்த வரி விலக்கு சமாச்சாரத்தைச் சொன்னது கோபாலரத்தினம்னு ஒருத்தருங்க. வெல்ல மண்டி வெச்சிருக்காரு. அவருகிட்ட ஒரு ஆஸ்டின் நிக்குது. போன வருஷம் கடைக்கு வந்தவரு, "சிகாமணி, அம்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டி, இன்ஜின் பாடி எல்லாம் கம்பெனியில வந்தபடியே இருந்தா பழமையான வண்டின்னு தனியாப் பதிஞ்சுக்கறாங்க. ரோட்டு வரி இல்லை. உடைக்கவும் சொல்ல மாட்டாங்க. நான் வாங்கிட்டேன், நீயும் எழுதிப் போடு"ன்னாரு.

நான் எழுதிப் போடலை. நீங்களே சொல்லுங்க, அவரு எதுக்கு எனக்குச் சொல்லணும்? அவருக்கு என்ன லாபம்? வரி வாங்கறவன் வரி வேண்டாம்னு சொன்னா ரெண்டு தடவை யோசிக்கணுமா வேண்டாமா? மொதல்ல எத்தனை பேர் பழைய வண்டி வெச்சிருக்கான்னு பேரை எழுதிக்குவாங்க, பொறகு ஒண்ணா எல்லாத்தையும் பிடுங்குவாங்கன்னு நெனச்சேன். நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னா சந்தேகம் வராதுங்களா? அப்படியே எட்டு மாசம் போயிடுச்சு. அதனாலதான் இப்படி கடைசி நாள்ல ஓடறேன்.

இதுல நான் சொல்ல வந்தது இருதயராஜைப் பத்திங்க. மெக்கானிக்கு. பொள்ளாச்சி மார்க்கெட் ரோட்டுல ஷெட்டு. உடுமலையில மெக்கானிக் இல்லையான்னு கேப்பீங்க. இருக்காங்க. உள்ளூர் மெக்கானிக்குக்கு உள்ளூர்ல நாலு சிநேகிதன் இருப்பான், அவனவன் வண்டிக்கு நம்ம வண்டியில இருந்து சாமான் போகும். அதனால வாங்குன வருஷத்துல இருந்தே பொள்ளாச்சிக்குத்தான் கொண்டு போறேன். முப்பத்தேழு வருஷம். இருதயராஜ் நல்ல வேலைக்காரன், அதுல குத்தம் சொல்ல முடியாது. "வாங்கண்ணா"ன்னு வாய் நெறையக் கூப்பிடுவான். அதுதான் எனக்கு மொதல்ல இருந்தே இடிச்சுது.

ரெண்டாயிரத்து மூணுல கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணச் சொன்னேன். சாயங்காலம் போய்ப் பாக்கறேன், பளபளன்னு இருக்குது. நான் விட்டுட்டுப் போனது கரி பிடிச்ச கார்புரேட்டரு. இது புதுப் பொண்ணாட்டம் இருக்குது. "மண்ணெண்ணெயில ஊறப்போட்டுப் பிரஷ்ல தேச்சேண்ணா"ன்னான். தேச்சா இப்படி வருமா? பாத்திரக்கடைக்காரன்கிட்டயே சொல்றான். தேச்சா எத்தனை வரும்னு எனக்குத் தெரியாதா?

அன்னிக்குக் காசைக் குடுத்துட்டு வண்டியை எடுத்துட்டேன். ஆனா ஊட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரலை. ஒரு யோசனை வந்துது. எங்க தொழில்ல இதுக்கு வழி இருக்குதுங்களே. ஒரு சீருக்கு நாலு குண்டா இரவல் குடுத்தா, திரும்பி வர்றப்ப அதுல ரெண்டு வேற மெலிஞ்ச குண்டாவா வந்து சேரும். அதுக்குத்தான் பேர் வெட்டறது. எங்க கடையில பேர் வெட்டற மிசின் இருக்குது, பேனா மாதிரி பிடிச்சு எழுதணும், டர்ர்னு ஓடும். வாங்கறவங்க பேரு, கல்யாணத் தேதி, கொடுத்தவங்க பேரு எல்லாம் நானே வெட்டுவேன். என்ற கையெழுத்து பேப்பர்ல கோணலா வரும், எவர்சில்வர்ல முத்து முத்தா வரும்.

கார்ல வெட்டுனேன்.

சிரிக்காதீங்க. உ.தெ. அவ்வளவுதான். உடுமலை தெய்வசிகாமணி. மொதல்ல கார்புரேட்டரு. பொறகு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒண்ணொண்ணா. ஹாரனு, வைப்பர் மோட்டாரு, கதவுக் கைப்பிடி, நாலு வீல் கப்பு, ரேடியேட்டர் மூடி. கழட்ட முடிஞ்சதைக் கடைக்குக் கொண்டு வந்து வெட்டுனேன், கழட்ட முடியாததுக்கு நீளமா ஒயர் இழுத்து எங்க ஊட்டுக் கார் ஷெட்டுலயே வெட்டுனேன். நாப்பத்து மூணு இடம். வசந்தாமணி வந்து பார்த்துட்டு, "என்ற நெத்தியிலயும் ஒண்ணு வெட்டிடுங்க, தொலைஞ்சு போயிடப் போறேன்"னுட்டுப் போனா. அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

இருதயராஜ் அடுத்த தடவை பானெட்டைத் தூக்குனப்பப் பார்த்தான். "இது என்னதுங்ணா"ன்னு கேட்டான். "சும்மா, அழகுக்கு"ன்னேன். அவன் ஒரு தரம் விரலால தடவிப் பார்த்தான். பொறகு ஸ்பேனரை எடுத்துட்டு வேலையைப் பார்த்தான். திருடன்னா கோபம் வந்திருக்கும், இல்லைன்னா பயம் வந்திருக்கும். இவன் ஒண்ணுமே காட்டலை. எத்தனை அழுத்தக்காரன்னு நெனச்சுக்கிட்டேன்.

இப்ப இந்த வருஷத்துக்கு வர்றேன். விலக்குக்கு எழுதிப் போட்டதும், ஆபீசரு வந்து பார்க்கறதுக்கு முந்தி வண்டி சுத்தமா இருக்கணும்னு ஒரு மாசம் இருதயராஜ் ஷெட்டுல விட்டேன். வாரம் ரெண்டு தடவை போய் எண்ணிப் பார்ப்பேன். ஒரு நாள் பார்த்தா டைனமோவுல உ.தெ. இல்லை. நாலஞ்சு வண்டிக்காரங்க நின்னுட்டிருக்காங்க. அவங்க எதுக்கயே கேட்டுட்டேன். என்ற டைனமோ எங்கடான்னு. முப்பத்தேழு வருஷத்துல அவனை டா போட்டது அன்னிக்குத்தான். ஷெட்டுப் பூரா அலசுனேன். இரும்புப் பெட்டி, அலமாரி, அவன் சாப்பாட்டுப் பையைக்கூட. ரசஞ்சோத்து டப்பாவும் வாழைப்பழமும் இருந்துது.

அவன் ஒரு ஓரமா நின்னு கையைத் துடைச்சுட்டே இருந்தான். நான் அலசி முடிச்சதும், "அண்ணா, ஒரு தரம் குனிஞ்சு பாருங்க"ன்னான். குனிஞ்சேன். டைனமோவுக்கு அடிப்பக்கத்துல இருந்துது. உ.தெ. என்ற எழுத்துதான். ஆனா நீங்க சொல்லுங்க, அதை எதுக்குக் கீழ்ப்பக்கமாத் திருப்பி மாட்டணும்? அவன் சொல்றான், டைனமோ ஒரே வாட்டத்துலதான் உக்காருமாம், நான்தான் அடிப்பக்கம் வெட்டிட்டேனாம். இருக்கலாம். வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். மன்னிப்பா? எதுக்குங்க? திருடுனான்னு நான் சொல்லவே இல்லையே. எங்கன்னுதான் கேட்டேன்.

போன வாரம் ஆபீசரு பார்த்தாரு. சின்ன வயசு, கண்ணாடி போட்டவரு, டார்ச் லைட்டு வெச்சிருந்தாரு. மொத அரை மணி நேரம் சந்தோஷமாத்தான் பார்த்தாரு. சீட்டைத் தட்டுனாரு, ஸ்டியரிங்கைத் தொட்டாரு, இந்த மாதிரி வண்டியைப் பார்த்ததே இல்லைன்னாரு. பொறகு ஒவ்வொண்ணாக் கண்ணுல பட ஆரம்பிச்சுது. "இது என்னங்க உ.தெ.? இங்கயும் உ.தெ., இங்கயும் உ.தெ."ன்னாரு. நான் பெருமையாச் சொன்னேன், எல்லாம் ஒரிஜினல் சாமான்தான், மாறாம இருக்கறதுக்கு நானே வெட்டுனதுன்னு. அவரு டார்ச்சை இன்ஜின் நம்பர் மேல அடிச்சாரு. நம்பருக்கு ஒட்டுனாப்பல ஒரு உ.தெ. இருக்குதுங்க. அது முக்கியமான இடமாச்சே, அதுல வெட்டாம விடுவேனா? ரெண்டு தரம் வெட்டியிருந்தேன். ஒரு கோடு கொஞ்சம் வழுக்கி நம்பர் மேலயே போயிருந்துது.

அவரு மூஞ்சி மாறிடுச்சு. "நம்பர்கிட்ட மிசின் வெச்சிருக்கீங்க. இது பழைய நம்பர்தான்னு நான் எப்படி எழுதறது? நம்பரை அழிச்சு எழுதறவங்க இப்படித்தான் பண்ணுவாங்க"ன்னாரு. என்னையப் பார்த்துங்க. நாப்பது வருஷமா ஒரே கடை. ஒருத்தன் பொருளை இன்னொருத்தன் எடுக்கக்கூடாதுன்னு பாடுபட்டவனைப் பார்த்து.

கெஞ்சுனேன். கடைசியா ஒரு வழி சொன்னாரு. இந்த இன்ஜினை இறக்கி வேலை பார்த்த மெக்கானிக்கு யாராவது இருந்தா, நம்பரைப் பார்த்திருந்தா, அவரு ஒரு கடுதாசி எழுதிக் குடுக்கணும். அதுவும் என்ற கையில விரிச்சுக் குடுக்கக்கூடாது. கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டுன இடத்துக்கு மேல மெக்கானிக்கு கையெழுத்துப் போட்டிருக்கணும். பிரிச்ச கவரா வந்தா வாங்க மாட்டேன்னாரு. இன்னிக்கு, வெள்ளிக்கிழமை நாலு மணிதான் கெடு. நல்லாக் கேட்டுட்டேன் அவரை. ஏனுங்க, ஒரு மனுஷனை நம்பாம நீங்க எப்படி ஆபீஸ் நடத்தறீங்கன்னு.

நான் யாருகிட்டப் போவேன்? அந்த இன்ஜினைத் தொட்ட கை உலகத்துலயே ஒண்ணுதான். அஞ்சு நாள் போகலை. போனா என்ன சொல்லுவான்? எழுத முடியாதும்பான். எல்லாத்தையும் மனசுல வெச்சுக் கேப்பான். வசந்தாமணி இன்னிக்குக் காலைல, "போறீங்களா, இல்லை நான் அந்த ஆளை நாளைக்கே வரச் சொல்லட்டுமா?"ன்னா. அப்பறந்தான் கிளம்புனேன்.

இப்ப அங்க இருந்துதாங்க வர்றேன். ஒரு ஜீப்புக்கு அடியில படுத்திருந்தான். என்ற செருப்பைப் பார்த்தே, "வாங்கண்ணா"ன்னான். அடியில படுத்துக்கிட்டே. விஷயத்தைச் சொன்னேன். எந்திரிச்சு வந்தான். சோப்புப் போட்டுக் கை கழுவுனான், ரெண்டு தரம். பையனோட நோட்டுல இருந்து காயிதம் கிழிச்சான். உக்காந்து எழுதுனான். எழுதறான், எழுதறான், எழுதிட்டே இருக்கறான். நம்பர் இதுதான்னு எழுத ரெண்டு வரி போதாதுங்களா? இவன் ஒரு பக்கம் முடிச்சுத் திருப்பிப் பின்பக்கமும் எழுதுனான். நான் எட்டிப் பாக்கலாம்னு அக்கட்ட நகர்ந்தா, கையால லேசா மறைச்சுக்கிட்டான். பசை போட்டு ஒட்டி, மேல கையெழுத்துப் போட்டு, கையில குடுத்தான். "டீ சாப்பிட்டுப் போங்கண்ணா"ன்னான்.

டைனமோவைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. டா போட்டதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. டீ வாங்கிக் குடுத்து அனுப்பறான்.

அந்தக் கவருதாங்க இது. பொள்ளாச்சியில பஸ் ஏறுனதுல இருந்து நெஞ்சுகிட்ட வெச்சிருக்கறேன், சுடுது. பின்பக்கம் என்ன எழுதியிருப்பான்? உங்களை ஒருத்தன் ஊர் முன்னாடி சோத்து டப்பாவைத் தெறந்து பார்த்திருந்தா நீங்க என்ன எழுதுவீங்க? உங்களை விடுங்க. நானா இருந்தா என்ன எழுதியிருப்பேன்? கவுத்துவிட்டிருப்பேன். இன்ஜின் மாத்துன இன்ஜின், நம்பர் வெட்டுன நம்பர், இந்த ஆளை நம்பாதீங்கன்னு எழுதி, நல்லா ஒட்டி, சிரிச்சுட்டே குடுத்திருப்பேன். டீயும் வாங்கிக் குடுத்திருப்பேன். இதை நான் போய் என்ற கையாலயே ஆபீசருகிட்ட நீட்டணும். என்னைப் பிடிச்சு உக்கார வெச்சா?

வேண்டாம்னு சொல்றீங்க. உங்களுக்குச் சொல்றதுக்கு என்ன, உங்க வண்டியா? ஓரத்துல மெதுவாப் பிரிச்சா தெரியாதுங்க. பசை இன்னும் ஈரமாத்தான் இருக்குது. பாத்திரத்துல ஒட்டுன சீட்டைக் கிழியாம எடுக்கறவன் நான். இந்தப் பையை மட்டும் பிடிங்க. ஆமாங்க, நீங்கதான், பிடிங்க. ஒரு நிமிஷம்.

இந்தா, ஒரு ஓரம் வந்துடுச்சு. இன்னும் கொஞ்சூண்டு.

அட, இந்த டிரைவருக்கு வேகத்தடை கண்ணுக்குத் தெரியாதா?

கிழிஞ்சுடுச்சுங்க. கையெழுத்துக்கு நடுவுலயே போயிடுச்சு.

செரி. கிழிஞ்சது கிழிஞ்சாச்சு. இருங்க, படிக்கிறேன். நீங்களும் கேளுங்க, சாட்சிக்கு ஆச்சு.

"ஐயா அவர்களுக்கு. நான் இருதயராஜ், மெக்கானிக். இந்த ஹெரால்டு வண்டியை எண்பத்தெட்டில் இருந்து நான்தான் பார்க்கிறேன். தொண்ணூத்தாறில் இன்ஜினை இறக்கி ஏற்றினேன். அப்போது நம்பரைத் துடைத்து என் நோட்டில் எழுதினேன். அதே நம்பர்தான் இப்போதும் இருக்கிறது. நோட்டு கைவசம் உள்ளது. பக்கத்தில் வெட்டிய எழுத்து ஓனர் வெட்டியது. கள்ளத்தனத்தில் வெட்டவில்லை. பயத்தில் வெட்டியது."

பின்பக்கம். இருங்க. கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

"ஐயா, அவருக்குச் சந்தேகம் ஜாஸ்தி. அது அவர் சுபாவம். ஆனால் அடுத்தவர் பொருளைத் தொட மாட்டார். ஒரு தடவை என்னுடைய ஸ்பேனர் ஒன்று தெரியாமல் அவர் டிக்கியில் போய்விட்டது. நான் தேடக்கூட இல்லை. அதைக் கொடுப்பதற்காக உடுமலையில் இருந்து பஸ் ஏறி வந்தார். இந்த வண்டி என்றால் அவருக்கு உயிர். ஓட்டிக்கொண்டு வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவார், நான் கேட்டிருக்கிறேன். வண்டிக்கு விலக்குக் கொடுங்கள் ஐயா. அவர் சொல்வதில் சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். அவருக்கு நான் பொறுப்பு."

அவ்வளவுதான். கீழ போன் நம்பர் போட்டிருக்கறான்.

அந்த ஸ்பேனரை நான் எதுக்குக் கொண்டு போய்க் குடுத்தேன் தெரியுங்களா? என்னைத் திருடன்னு சொல்லிடுவானேன்னு பயந்துட்டுங்க. ராத்திரி பூராத் தூங்கலை. விடியக்காலம் மொத பஸ்ஸு. இவன் அதை இப்படி நெனச்சு வெச்சிருக்கறான்.

மணி என்னங்க? ஒண்ணே கால்தானா?

பசை வாங்கி ஒட்டிடலாம். கிணத்துக்கடவுல கடை இருக்கும். புதுக் கவரு ஒண்ணு வாங்குனாப் போச்சு. மேல அவன் கையெழுத்து வேணும், அது பெரிய கம்பசூத்திரமா? முப்பத்தேழு வருஷமாப் பில்லுல பாக்கற கையெழுத்து, நானே போட்டுடுவேன். ஆபீசருக்கு எப்படித் தெரியும்? நாலு மணிக்குள்ள குடுத்துட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு ஊட்டுல இருப்பேன். வண்டியும் இருக்கும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் போட்டுட்டேனா? போடலாம்னுதானே சொன்னேன்.

முடியாதுங்க. எனக்கும் தெரியுது. அவருக்கு நான் பொறுப்புன்னு எழுதுன காயிதத்தை உள்ள வெச்சு, மேல கள்ளக் கையெழுத்துப் போட என்ற கை வராது.

கண்டக்டரே, கிணத்துக்கடவுல நிறுத்துங்க. ஆமா, கோயமுத்தூருக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். இறங்கணும்.

அந்தப் பையைக் குடுங்க. எதுத்த பக்கம் நின்னா பொள்ளாச்சிக்கு உடனே பஸ் கிடைக்கும். ரெண்டு மணிக்குள்ள அவன் ஷெட்டுக்குப் போயிடலாம். நாலு மணிக்குத் திரும்பி வந்துடலாம், நேரம் இருக்குது. நேரத்தைப் பத்தி எனக்குப் பயம் இல்லை. கிழிஞ்ச கவரை அவன் கையில குடுத்து, பிரிச்சுப் பார்த்துட்டேன் இருதயராஜுன்னு சொல்லணும். அவன் திட்டுனா வாங்கிக்குவேன். ஏண்ணா இப்படிப் பண்ணீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாக்கூடப் போதும், நான் எப்படியோ பதில் சொல்லிடுவேன். ஆனா அவன் கேக்க மாட்டாங்க. மறுபடியும் கை கழுவிட்டு வந்து, இன்னொரு கவரை எடுப்பான்.